பாடிப் போறவனுக்குப் பேர் இருக்கு, பிடிக்கிறவனுக்கு?

ஃபேன்டஸி ஃபுட்பால்ல டிஃபென்ஸை மொத்தமா ஒரு மூட்டையா எடுக்கற பழக்கத்தை நம்ம லீக்குகள்ல விட்டுடணும். ஒவ்வொரு தடுப்பாட்டக்காரனையும் பேர் சொல்லித் தனித்தனியா எடுக்கணும். இது என் கட்சி. ரொம்ப நாளா வாயால சொல்லிட்டு இருந்தேன். "நீ சித்தூர்க்காரன், எதுக்கெடுத்தாலும் கபடியைக் கொண்டு வந்து நுழைப்பே"ன்னு நண்பர்கள் ஓட்டறாங்க. சரி, நுழைச்சே எழுதிடறேன் :-)

முதல்ல ஃபேன்டஸின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. (குறிப்பா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோபாவை விட்டு எழுந்திருக்காத புருஷனையும் பையனையும் பார்த்து நொந்து போயிருக்கற அக்கா தங்கைகளுக்கு.) சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்காருவாங்க. ஆளுக்கு ஒரு கற்பனை டீம். என்.எஃப்.எல்.ல ஆடற நிஜ ஆட்டக்காரங்களை முறை வெச்சு ஒவ்வொருத்தரா எடுத்துக்கணும். இதுதான் டிராஃப்ட். நான் எடுத்தவனை நீங்க எடுக்க முடியாது. அப்புறம் ஒவ்வொரு வாரமும் நிஜ ஆட்டத்துல அவங்க என்ன பண்றாங்களோ அதுக்கு ஏத்த பாயின்ட் நமக்கு வரும். நம்ம வீட்டு மனுஷன் டல்லாஸும் பார்க்காம, எங்கேயோ இருக்கற ஜாக்சன்வில் ஆட்டத்தைப் பார்த்துக் கத்தறாருன்னா காரணம் இதுதான்.

இதுல ஒரு கூத்து இருக்கு. பந்தைத் தூக்கிட்டு ஓடறவன், எறியறவன், பிடிக்கறவன், உதைக்கறவன், இவங்க எல்லாரையும் பேர் சொல்லி எடுக்கணும். ஆனா அவங்களைத் தடுக்கறாங்களே பதினோரு பேர், அவங்களுக்கு லிஸ்ட்ல ஒரே வரி. "பஃபலோ டிஃபென்ஸ்", "டல்லாஸ் டிஃபென்ஸ்". அவ்வளவுதான். பதினோரு ஆளையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி, அதையும் கடைசி ரவுண்டுல, பீட்சா தீர்ந்து எல்லாரும் கொட்டாவி விடறப்ப, "சரி, எனக்கு டென்வர் டிஃபென்ஸ்"னு எடுத்துட்டு எழுந்து போறோம். இந்த ஊர் லீக்குகள்ல பெரும்பாலும் வழக்கம் இதுதான்.

இதுக்கு மாற்று ஒண்ணு இருக்கு. ஐ.டி.பி.ம்பாங்க. தடுக்கறவங்களையும் தனித்தனியா எடுக்கறது. முன்வரிசையில மல்லுக்கட்டற டிஃபென்சிவ் லைன், நடுவுல நின்னு மோதற லைன்பேக்கர், பின்னாடி நின்னு பாஸை மறிக்கற டிஃபென்சிவ் பேக்னு மூணு வகை. யார் யாரைப் பிடிச்சுக் கீழே போட்டாங்க, யார் குவார்ட்டர்பேக்கைச் சாய்ச்சாங்க (அதுக்குப் பேர் சாக்), யார் பந்தைப் பறிச்சாங்கன்னு ஆள் வாரியாக் கணக்கு. இதை "அது பைத்தியக்காரங்க ஆடறது"ன்னு நம்ம ஆளுங்க ஒதுக்கி வெச்சிருக்காங்க.

இப்ப கபடிக்கு வர்றேன்.

எங்க சித்தூர் ஜில்லாவில பொங்கல் சமயம் கபடி இல்லாத ஊர் குறைச்சல். திருப்பதியில 2022 ஜனவரியில அகில இந்திய அளவுல போட்டியே வெச்சாங்க. நகரி எம்.எல்.ஏ.வா இருந்தப்ப நடிகை ரோஜா 2021-ல கபடி ஆடின வீடியோ உங்க வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். அதுலயும் நம்ம கண்ணு பாடிப் போறவங்க மேலதான், எதிர்ல நிக்கறவங்க மேல இல்ல. சினிமாக்காரங்கன்னு இல்ல, பொதுவாவே மனுஷக் கண்ணு அப்படித்தான். ஓடறதைத்தான் பார்க்கும்.

ஆனா கபடி ஆடின ஊர்ல நிலைமை வேற. எங்க சித்தப்பா ஒருத்தர் வலது கார்னர்ல நின்னு ஆடினவர். பாடி வர்றவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுவான் பாருங்க, அந்த அரை நொடிக்காகக் காத்துட்டு இருந்து கணுக்காலைப் பிடிக்கறதுதான் அவர் வேலை. கைவிரல் ரெண்டு கடைசி வரைக்கும் நேரா வரல. ஆனா பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் கூட "அந்த ஊர் டிஃபென்ஸ் நல்லா ஆடுது"ன்னு சொன்னதில்ல. அவர் பேரைச் சொல்லி, "அவன் நிக்கற பக்கம் போகாதே"ன்னு தான் சொல்லுவாங்க. பிடிக்கிறவனுக்குப் பேர் இருந்தது. ஏன்னா பார்த்தவங்களுக்கு ஆட்டம் தெரிஞ்சிருந்தது.

ப்ரோ கபடியும் இந்த நியாயத்தைக் காப்பாத்தியிருக்கு. 2014-ல ஆரம்பிச்சதுல இருந்து ரைடருக்கு ஒரு கணக்கு, பிடிக்கறவருக்கு ஒரு கணக்கு. ஒரு ஆட்டத்துல பத்து ரைடு பாயின்ட் எடுத்தா சூப்பர் டென். அஞ்சு டேக்கிள் பாயின்ட் எடுத்தா ஹை ஃபைவ். களத்துல மூணு பேரோ அதுக்குக் குறைவோ இருக்கறப்ப பிடிச்சா சூப்பர் டேக்கிள், ஒரு பாயின்ட் கூடுதல். ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி 500 டேக்கிள் பாயின்ட் தொட்ட முதல் ஆள்னு 2024-ல கொண்டாடினாங்க. அதே 2024 சீசன்ல நம்ம தமிழ் தலைவாஸ் பிளே ஆஃப் பக்கமே போகல. ஆனா அந்த சீசனின் சிறந்த டிஃபென்டர் தமிழ் தலைவாஸ் நிதேஷ் குமார். யோசிச்சுப் பாருங்க. "தமிழ் தலைவாஸ் டிஃபென்ஸ்"னு ஒரே மூட்டையாப் பார்த்திருந்தா, தோத்த டீமோட மூட்டைன்னு ஓரமாத் தள்ளியிருப்போம். உள்ளே இருந்த நிதேஷ் குமாரும் சேர்ந்தே போயிருப்பார்.

எங்க குடும்பத்துல ப்ரோ கபடிக்கு ஒரு ஃபேன்டஸி லீக் உண்டு. திருப்பதியில மாமா பையன், சித்தூர்ல தங்கச்சி வீடு, சிங்கப்பூர்ல ஒரு அண்ணன், இங்கே நாங்க. ஒரு எக்செல் ஷீட், ஒரு வாட்ஸப் குரூப், அவ்வளவுதான். காசு கிடையாது. ஆந்திராவில 2020-லயே காசு வெச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டாச்சு. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்லயே சட்டம் நிறைவேத்தினாங்க, அந்தக் கையோட டிரீம்11 மாதிரிப் பெரிய கம்பெனிங்க பணப் போட்டிகளை நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. அதனால ஊர்ல இருக்கற தம்பி தங்கச்சிகளுக்கு "ஒரு இருபது டாலர் போட்டு எங்க லீக்ல சேரு"ன்னு ஆசை காட்டாதீங்கன்னு இந்த இடத்துலயே சொல்லி வெச்சுக்கறேன். எங்க லீக்ல ஜெயிச்சவருக்குப் பரிசு திருப்பதி லட்டு. அடுத்து யார் ஊர்ல இருந்து வர்றாங்களோ அவங்க பெட்டியில வரும்.

அந்த லீக்ல யாராவது "டிஃபென்ஸை மொத்தமா எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டா திருப்பதி மாமா பையன் சிரிப்பான். "பாவா, நீங்க அமெரிக்கா போய் ஆட்டம் பாக்கறதையே மறந்துட்டீங்க"ம்பான். (தமிழ் பேசற வீடுதான். ஆனா அத்தை மகனைப் பாவான்னு கூப்பிடறது எங்க பக்கத்து வழக்கம்.) என் பொண்ணு, பதினாலு வயசு, இங்கேயே பொறந்தவ. கபடி லீக்ல டிஃபென்டர், ஆல்ரவுண்டர், ரைடர்னு மூணையும் பிரிச்சு எடுத்துப் பழகினவ, எங்க ஃபுட்பால் டிராஃப்டை முதல் தடவை எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "இவங்க எல்லாம் ஏன் லிஸ்ட்ல இல்லப்பா?" ஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்ல கிளாரினெட் வாசிக்கற பொண்ணு. வெள்ளிக்கிழமை தோறும் கேலரியில உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்க்கறா. பாதி நேரம் தடுக்கறவங்கதான் களத்துல இருக்காங்கன்னு அவளுக்குத் தெரியுது. பன்னிரண்டு இஞ்சினியருங்க உட்கார்ந்திருந்தோம். யார்கிட்டயும் உருப்படியா ஒரு பதில் இல்ல.

"ஆதியில இருந்தே ஃபேன்டஸி இப்படித்தான்"னு ஒருத்தர் சமாளிச்சார். அதுவும் தப்பு. ஃபேன்டஸி ஃபுட்பாலை 1962-ல யோசிச்சவர் பில் விங்கன்பாக், ஓக்லாண்ட் ரைடர்ஸ்ல ஒரு பங்குதாரர். டீமோட கிழக்குப் பக்கம் பயணம் போன இடத்துல, நியூயார்க் ஹோட்டல்ல, ரெண்டு மூணு பேரோட உட்கார்ந்து விதிகளை எழுதினார். 1963-ல முதல் டிராஃப்ட், எட்டு டீம். முதல் ஆளா எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. அந்த முதல் லீகின் விதிகள்லயே டிஃபென்சிவ் லைன் ஆட்கள் ரெண்டு பேரையும், லைன்பேக்கர் அல்லது டிஃபென்சிவ் பேக் ரெண்டு பேரையும் எடுக்க இடம் இருந்தது. ஆக, ஆதியில இருந்தது ஆள் கணக்குதான். மூட்டைக் கணக்குதான் பின்னாடி சுலபத்துக்காக வந்து ஒட்டிக்கிச்சு. பாரம்பரியம்னு பேசறவங்க என் பக்கம்தான் ஓட்டுப் போடணும் :-)

மூட்டைக் கணக்குல என்ன தொலைஞ்சு போகுதுன்னு மூணு ஆளை வெச்சுச் சொல்றேன்.

முதல் ஆள், ஜே.ஜே. வாட். ஹூஸ்டன்காரங்களுக்கு அறிமுகமே வேண்டாம். 2014 சீசன்ல 20.5 சாக். அதுக்கு மேல அஞ்சு டச்டவுன். அதுல மூணு, தாக்குதல் அணியோட இறங்கி பாஸ் பிடிச்சு அடிச்சது. மிச்சத்துல ஒண்ணு பாஸை மறிச்சுப் பறிச்சு ஓடினது, இன்னொண்ணு கீழே விழுந்த பந்தை எடுத்து ஓடினது. எம்.வி.பி. ஓட்டுல அந்த வருஷம் ரெண்டாம் இடம். இப்படி ஒரு ஆட்டத்தை ஆடினவர் பேர் எங்க மாதிரி லீக்ல எங்கே வரும்? "ஹூஸ்டன் டிஃபென்ஸ்"ங்கற வரிக்குள்ள. அவர் எத்தனை பேரைச் சாய்ச்சாலும், அவர் டீம் அன்னிக்கு முப்பது பாயின்ட் விட்டுக்கொடுத்தா மூட்டையோட மார்க் குறையும்.

ரெண்டாவது ஆள், ஃபோயே ஒலுவோகுன். நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீங்க. அதுதான் நான் சொல்ல வர்றதே. நைஜீரியக் குடும்பத்துப் பையன், யேல் யுனிவர்சிட்டியில படிச்சவர். (படிப்பு முக்கியம்னு சொல்ற அப்பா அம்மா கவனிக்கவும்.) 2021-ல அட்லாண்டாவுக்கு ஆடி 192 டேக்கிள், லீகிலேயே அதிகம். 2022-ல ஜாக்சன்வில் போய் 184, மறுபடியும் லீகிலேயே அதிகம். 2021-ல அட்லாண்டா பதினேழு ஆட்டத்துல ஏழுதான் ஜெயிச்சது. மூட்டைக் கணக்குல அந்த டிஃபென்ஸை யாரும் சீந்த மாட்டாங்க. ஆள் கணக்குல ஒலுவோகுன் தங்கம். இதுல ஒரு உண்மை ஒளிஞ்சிருக்கு. தாக்குதல் அணி பந்தைச் சீக்கிரம் பறிகொடுத்தா, தடுக்கறவங்க திரும்பத் திரும்பக் களத்துல இறங்கணும். நிறைய நேரம் நிக்கணும், நிறையப் பேரைப் பிடிக்கணும். சுமாரான டீம்ல ஒருத்தன் எவ்வளவு உழைக்கறான்ங்கறது ஜெயிச்ச டீமோட வெளிச்சத்துல தெரியாது. ஆபீஸ்ல நம்ம ஆளுங்க எத்தனை பேருக்கு இது சொந்தக் கதைன்னு நான் சொல்லணுமா என்ன?

மூணாவது ஆளைப் பத்திச் சொல்றப்ப விளையாட்டுப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக்கறேன். 2023 ஜனவரி 2, திங்கட்கிழமை ராத்திரி. சின்சினாட்டியில பஃபலோ பில்ஸ் ஆட்டம். நிறைய லீக்குகளுக்கு அதுதான் ஃபைனல் வாரம், எங்களுக்கும். பஃபலோவின் சேஃப்டி, 24 வயசுப் பையன், பந்தோட வந்த டீ ஹிக்கின்ஸைப் பிடிச்சுச் சாய்ச்சான். எழுந்து நின்னான். ரெண்டு அடி எடுத்து வெச்சவன் அப்படியே பின்னாடி சரிஞ்சு விழுந்தான். இதயம் நின்னு போச்சு. களத்துலயே நெஞ்சை அழுத்தி, மின்சார அதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டாங்க. ஆட்டம் அதோட நின்னது, அப்புறம் நடக்கவே இல்ல.

பையன் பேர் டமார் ஹாம்லின். அந்த நிமிஷம் வரைக்கும் அந்தப் பேர் எங்க லீக்ல பன்னிரண்டு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது. இத்தனைக்கும் எங்கள்ல ஒருத்தர் "பஃபலோ டிஃபென்ஸ்" வெச்சிருந்தார். வாரா வாரம் அந்தப் பையனோட உழைப்புக்குப் பாயின்ட் வாங்கிட்டு இருந்தவர். அவருக்கும் தெரியாது. மைக்கா ஹைடுன்னு ஒரு பெரிய ஆட்டக்காரருக்குக் கழுத்துல அடிபட்டதால அந்த வருஷம் இந்தப் பையன் முதல் பதினொண்ணுக்குள்ள வந்தான்ங்கறதோ, சொந்த ஊர்க் குழந்தைங்களுக்குப் பொம்மை வாங்கித் தர 2,500 டாலர் சேர்க்கலாம்னு இணையத்துல ஒரு நிதி ஆரம்பிச்சு வெச்சிருந்தான்ங்கறதோ, எல்லாம் மறுநாள் படிச்சுத்தான் தெரிஞ்சது. (ஜனங்க அந்த நிதியில கோடி கோடியாக் கொட்டினாங்க, எண்பது லட்சம் டாலருக்கு மேல போச்சு. ஹாம்லின் பிழைச்சு 2023 சீசன்லயே திரும்ப ஆட வந்தான்.) ஐ.டி.பி. ஆடறவங்க பலருக்கு அந்தப் பேர் முன்னாடியே தெரியும். ஹைடு அடிபட்ட வாரமே "அந்த இடத்துல இனி யாரு?"ன்னு தேடினவங்க அவங்க.

பேர் தெரிஞ்சிருந்தா மட்டும் அந்தப் பையனுக்கு என்ன லாபம்னு கேட்கலாம். அவனுக்கு ஒண்ணும் இல்ல. நமக்குத்தான். ஒருத்தன் உடம்பைப் போட்டு மோதறதை வெச்சு நாம பாயின்ட் எண்றோம்னா, குறைஞ்சபட்சம் அவன் யாருன்னாவது தெரிஞ்சுக்கணும். செத்துப் பிழைச்சாத்தான் பேர் தெரியும்னு இருக்கறது நல்ல ரசிகனுக்கு லட்சணம் இல்ல. அதையும் நம்ம பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருக்காங்க.

ஆள் கணக்குலயும் ஓட்டை இருக்கு, மறைக்க மாட்டேன். நம்டி அசோமுகான்னு ஓக்லாண்ட்ல ஒரு கார்னர்பேக். 2006-ல எட்டு பாஸைப் பறிச்சார். அடுத்த வருஷம் ஒண்ணே ஒண்ணு, அதுக்கடுத்த வருஷமும் ஒண்ணு. ஆட்டம் போச்சான்னா இல்ல. இன்னும் பயங்கரமான ஆளாயிட்டார். அவர் நிக்கற பக்கம் பந்து எறியறதையே எதிராளிங்க விட்டுட்டாங்க. பந்து வரலேன்னா பறிக்கறதுக்கு என்ன இருக்கு? எங்க சித்தப்பா கதைதான். "அவன் நிக்கற பக்கம் போகாதே." பயந்து போகாம இருந்ததை எந்த ஸ்கோர் ஷீட்டும் எழுதாது. இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. புதுசா வந்த சின்னப் பையன் கார்னர்ல நின்னா, எல்லாரும் அவன் பக்கமே எறிவாங்க. அவன் டேக்கிள் எண்ணிக்கை ஏறும். ஐ.டி.பி. ஆடறவங்க வேணும்னே அப்படிப் புதுப்பையனைத் தேடி எடுப்பாங்க. கணக்கு எல்லாத்தையும் பிடிக்காதுதான். ஆனா ஆள் கணக்கு வெச்சா "இவனுக்கு ஏன் இந்த வருஷம் பாயின்ட் வரல?"ன்னு கேட்போம். அந்தக் கேள்வியில இருந்துதான் ஆட்டம் புரியும். மூட்டைக்குள்ள அந்தக் கேள்வியே எழாது.

இனி நண்பர்களோட ஆட்சேபணைகள்.

"ரொம்பக் கஷ்டம், டிராஃப்ட் விடிய விடிய நடக்கும்." பதினோரு பேரையும் எடுக்கச் சொல்லல. மூணு இடம் போதும். லைன்ல ஒண்ணு, லைன்பேக்கர் ஒண்ணு, பின்வரிசையில ஒண்ணு. கூடவே உதைக்கறவரை லிஸ்ட்டை விட்டு எடுத்துட்டா இன்னும் நேரம் மிச்சம். பத்து வருஷமா ஜாவா கோடுல தலையை விட்டுட்டு இருக்கறவங்களுக்கு மூணு பேர் கஷ்டமா?

"டேக்கிள் எண்ணிக்கை நம்பற மாதிரி இல்ல, ஸ்டேடியத்துக்கு ஸ்டேடியம் மாறும்." இது நியாயமான பேச்சு. ஒருத்தன் தனியாப் பிடிச்சானா, இன்னொருத்தன் கை கொடுத்தானாங்கறதை அந்தந்த மைதானத்துல கணக்கு எழுதறவங்கதான் முடிவு பண்றாங்க. சிலர் தாராளம், சிலர் கஞ்சம். கபடியில மட்டும் என்ன, நாலு பேர் மேல விழுந்து அமுக்கினாலும் பாயின்ட் முதல்ல கால் பிடிச்சவர் பேருக்குத்தான். சாக் கூட 1982-லதான் அதிகாரப்பூர்வக் கணக்குக்கே வந்தது. எண்ணிக்கை முன்னப்பின்ன இருக்குன்னு எண்ணாமலே விட்டா அது நியாயம் ஆயிடுமா?

"இடம் குழப்பும்." உண்மைதான். டி.ஜே. வாட் 2021-ல 22.5 சாக் எடுத்து, 2001-ல மைக்கேல் ஸ்ட்ரஹான் வெச்ச சாதனையைச் சமன் பண்ணினார். வேலை முன்வரிசைக்காரன் வேலை, ஆனா பேப்பர்ல லைன்பேக்கர். லைன்பேக்கர் இடத்துல அவரை வெச்சா, டேக்கிளா அடுக்கற ஒலுவோகுன் மாதிரி ஆளுங்க முன்னாடி நிக்க முடியாது. வழி சுலபம். குவார்ட்டர்பேக்கைத் துரத்தறவங்க எல்லாரும் லைன்னு லீக் ஆரம்பிக்கறப்பவே எழுதி வெச்சுடுங்க.

"யாருக்கும் சுவாரசியம் இருக்காது." இதைத்தான் என்னால ஒத்துக்கவே முடியல. கால்கேரியில இருந்து கோயமுத்தூர் வரைக்கும் நம்ம ஆளுங்க இந்திய ரத்தத்துல யாராவது என்.எஃப்.எல். ஆடியிருக்காங்களான்னு தேடிட்டே இருப்பாங்க. பிரண்டன் சில்லர்னு ஒருத்தர் ஆடினார், தெரியுமா? அப்பா இந்தியர். 2004-ல செயின்ட் லூயிஸ் ராம்ஸ், 2008-ல இருந்து கிரீன் பே. இடம், லைன்பேக்கர்! கபடியில மஞ்சீத் சில்லர், டெல்லிப் பக்கத்து நிஜாம்பூர்க்காரர், 2018-லயும் 2019-லயும் நம்ம தமிழ் தலைவாஸுக்கு ஆடினவர். அவரும் பேர் வாங்கினது பிடிக்கறதுல. ரெண்டு கண்டத்துல ரெண்டு சில்லர், ரெண்டும் தடுக்கற வேலை. மூட்டைக் கணக்கு வெச்ச லீக்ல பிரண்டன் சில்லரை நம்ம ஆள்னு எடுக்க நமக்கு வழியே இருந்திருக்காது. சில்லறையா விட்டுட்டோம்.

நம்ம சொந்த வீட்டுக் கதையையும் சொல்லணும். 2016 அக்டோபர்ல அகமதாபாத்துல கபடி உலகக் கோப்பை ஃபைனல், ஈரானை 38-29ன்னு ஜெயிச்சோம். அஜய் தாக்கூர் பன்னிரண்டு ரைடு பாயின்ட் எடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த அணியில தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் இருந்தாரே, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அதே வருஷம் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனா நின்னு ப்ரோ கபடி கோப்பையையும் வாங்கினார். நாற்பது வயசைத் தாண்டி, கார்னர்ல, கணுக்காலைப் பிடிச்சு. கூட ஆடறவங்க எல்லாருக்கும் அவர் "அண்ணா". அமெரிக்காவை ஏன் குறை சொல்லணும்? அசோசியேட்டட் பிரஸ் எம்.வி.பி. விருது டிஃபென்ஸ் ஆளுக்குப் போனது 1971-ல ஆலன் பேஜ், 1986-ல லாரன்ஸ் டெய்லர், ரெண்டே ரெண்டு தடவைதான். நாமளும் அதே கண்ணோடதான் பார்க்கறோம்.

மாத்திப் பார்க்கணும்னு நினைக்கற குடும்பங்களுக்கு, எங்க கபடி லீக் அனுபவத்துல இருந்து ஒரு எளிமையான பாயின்ட் முறை. தனியாப் பிடிச்சா 1, சேர்ந்து பிடிச்சா அரை, சாக்குக்கு 3, பந்தைக் கை நழுவ வெச்சா 3, பாஸைப் பறிச்சா 4, வர்ற பாஸைத் தட்டிவிட்டா 1. டேக்கிளுக்கு ஒரேயடியா மார்க் அள்ளிக் கொடுத்தா லைன்பேக்கருங்க மட்டுமே ராஜ்யம் பண்ணுவாங்க, சாக்குக்கு அள்ளிக் கொடுத்தா வாரத்துக்கு வாரம் லாட்டரி மாதிரி ஆயிடும். ரெண்டுக்கும் நடுவுல வெச்சுக்கோங்க. டிராஃப்ட்ல அவசரப்பட வேண்டாம். ஓடறவன் எறியறவனை எல்லாம் முதல்ல எடுத்துட்டு, பாதிக்கு மேல தடுக்கறவங்க பக்கம் வரலாம். நல்ல லைன்பேக்கர் ஏராளமா இருக்காங்க. முன்வரிசையில சாக் எடுக்கறவங்கதான் குறைச்சல், அங்கே மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே கை வைங்க. கமென்டேட்டர் பேச்சை நம்பாம, யார் ஆட்டம் முழுக்கக் களத்துலயே நிக்கறாங்கன்னு பாருங்க. பிடிக்க ஆள் களத்துல இருக்கணும் இல்லியா?

இன்னும் ஒண்ணு. அந்த மூணு இடத்துல ஒண்ணை வீட்டுல இருக்கற சின்னதுங்க கையில கொடுங்க. பேரை அதுங்களே தேடி எடுக்கட்டும். எந்த ஊர், எந்தக் காலேஜ், யாருக்கு அடிபட்டதால இவனுக்கு இடம் கிடைச்சதுன்னு அதுங்களே படிச்சுச் சொல்லட்டும். நம்ம பிள்ளைங்க எல்லாமே குவார்ட்டர்பேக் ஆகப் போறதில்ல, நாமளும் ஆகல. நம்மள்ல பெரும்பாலானவங்க எங்கேயோ ஒரு ஓரத்துல நின்னு, ஏதோ ஒண்ணு தப்பாப் போகாம பிடிச்சு நிறுத்திட்டு இருக்கற ஆளுங்கதான். நைட் ஷிப்ட்ல சர்வர் விழாம பார்த்துக்கறவர், ஐ.சி.யூ.வில விடிய விடிய நிக்கற நர்ஸ், மூணு பிள்ளைங்களையும் நேரத்துக்கு ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்கு ஓடற அம்மா. நல்லா நடந்தா யாரும் கவனிக்காத வேலை இதெல்லாம். விளையாட்டுலயாவது அந்த வேலை பார்க்கறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பிள்ளைங்க பழகட்டும்.

பி.கு.: லட்டு விஷயமா ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. ஃபுட்பால் லீக்லயும் பரிசு அதேதான். காசு கட்டி ஆட மாட்டேன். அந்த விஷயத்துல நான் அசைக்க முடியாத டிஃபென்ஸ் :-)